எண்ணிக்கை சரியாக இருந்தும் ரத்தம் நிற்காதது ஏன்?

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் காலணி செய்வோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. தோலின் பரப்பைச் சொரசொரப்பாக்காமல் பசை தடவினால், அடிப்பகுதி நெடுநாள் ஒட்டியிராது. பசை நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதைப் பற்றிக்கொள்ளும் பரப்பும் வேண்டும். நம் ரத்தத்திலும் நிலைமை இதுவே.

காயம் பட்ட இடத்தில் பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ரத்தக் கசிவை அடைக்கின்றன. அவற்றை இணைக்கும் பசை, ஃபைப்ரினோஜன் என்னும் புரதம். அப்பசையைப் பற்றிக்கொள்வது, தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்னும் ஒட்டுப்புரதம். இதன் இரு பகுதிகளை ஐடிஜிஏ2பி, ஐடிஜிபி3 என்னும் இரு மரபணுக்கள் உருவாக்குகின்றன. இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும், பசை இருந்தும் தட்டணுக்கள் சேர்வதில்லை. 1918இல் சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் கிளான்ஸ்மான் விவரித்த இந்நோய், அவர் பெயராலேயே வழங்குகிறது.

சிறுவயது முதலே அடிக்கடி மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வடிதல், காரணமின்றித் தோலில் நீலத் தழும்புகள் தோன்றுதல், பெண்களுக்கு மாதவிடாயில் மிகுந்த உதிரப்போக்கு ஆகியன இதன் அறிகுறிகள். ஆனால் தட்டணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதனால் "குறையில்லை" என்றெண்ணிப் பலர் திரும்பிவிடுகின்றனர். எண்ணிக்கையைக் காட்டும் சோதனை, செயல்திறனைக் காட்டாது. தட்டணுக்கள் ஒன்றுசேரும் திறனை அளக்கும் தனிச்சோதனை தேவை.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் குழந்தைக்கு நோய் உண்டாகும். பெற்றோருக்கு எவ்வித அறிகுறியும் இராது. ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகள், அக்காள் மகள் போன்ற உறவில் மணம் புரியும்போது இவ்வாய்ப்பு கூடுகிறது. இதில் யார்மீதும் பழியில்லை; அறிந்துகொள்வதே பயன் தரும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பங்கேற்று 2006இல் வெளியான ஆய்வு, ஒருவருக்கொருவர் உறவற்ற 15 தென்னிந்திய நோயாளிகளிடம், அதுவரை அறியப்படாத 10 மரபணு மாற்றங்களைக் கண்டறிந்தது.

நோய் உறுதியானவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகளை உட்கொள்ளலாகாது. பல் பிடுங்குமுன்னும் அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் நோயின் பெயரைத் தெரிவித்தல் வேண்டும். ஈறுகளைத் தூய்மையாகப் பேணுதல் நன்று. மூக்கில் ரத்தம் வடிந்தால், அமர்ந்து தலையை முன்புறம் சாய்த்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். நிற்காவிடில் உடனே மருத்துவமனைக்கு வரவும். டிரனெக்சாமிக் அமிலம், தட்டணு ஏற்றுதல் முதலிய சிகிச்சைகள் உள்ளன.

உங்கள் பிள்ளைக்கு ரத்தக் கசிவு தொடர்ந்தால், "எண்ணிக்கை சரி" என்னும் விடையோடு நின்றுவிடாதீர்கள். "அவை சரியாக ஒட்டுகின்றனவா?" என்று எங்களிடம் கேளுங்கள்.