அந்தப் பையனை மேடையேற்றாதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் நாடகத்தின் எழுத்துப்படியும் கிடைத்தன. பள்ளிக் கலைத்திருவிழாவுக்குத் திருநங்கைகளைப் பற்றி நாடகம் போடப்போகிறாய். ஒன்பதாம் வகுப்பில் நளினமாக நடக்கிற பையன் ஒருவன் இருக்கிறான், எல்லோரும் அவனைக் கேலி செய்கிறார்கள், அவனையே அந்த வேஷத்தில் நிறுத்தினால் கேலி செய்தவர்கள் தலைகுனிவார்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் மனசு நல்ல மனசு. ஆனாலும் வேண்டாம் தம்பி. அவனை அந்த வேஷத்தில் நிறுத்தாதே.

அவன் உன்னிடம் எதையும் சொல்லவில்லை. நடையைப் பார்த்து நீயாக முடிவு கட்டியிருக்கிறாய். பின்பெஞ்சுப் பையன்கள் செய்வதும் அதுதானே? அவன் திருநங்கையாக இருக்கலாம். ஆண்களை விரும்புகிறவனாக இருக்கலாம். இரண்டும் இல்லாமல், கையை ஆட்டிப் பேசுகிற பையனாகவும் இருக்கலாம். பதினான்கு வயதில் அவனுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். நாடகம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கைதட்டலும் பரிசும் உனக்கு. மறுநாள் காலை பாகலூர் பஸ்ஸில் ஏறும்போது அந்த வேஷம் அவனோடு ஏறும். ப்ளஸ் டூ முடிக்கிறவரை இறங்காது.

நீ ஊருக்குப் புதிது. ஓசூர் வகுப்பறையில் பிள்ளைகள் தமிழில் பாடம் படிப்பார்கள், சண்டையை வீட்டு மொழியில் போடுவார்கள். தெலுங்கு, கன்னடம், உருது, இப்போது சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பேசும் இந்தி. நளினமான பையனை 'ஒம்போது' என்று திட்டினால் உனக்குச் சுருக்கென்று தைக்கும். 'கொஜ்ஜா' என்று தெலுங்கிலோ 'சக்கா' என்று பெங்களூர்ப் பேச்சிலோ வந்தால், காதில் விழுந்தாலும் நீ கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பாய். சாரே ஒன்றும் சொல்லவில்லை என்று அந்தப் பையன் எடுத்துக்கொள்வான். முதல் வேலையாக இந்த வசவுகளைத் தெரிந்துகொள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் என்ன செய்வாயோ அதையே இதற்கும் செய். அப்போது திட்டு வாங்கியவனை எழுப்பி நிறுத்தி விசாரிக்காதே. சொன்னவனை மட்டும் தனியே கூப்பிடு. வருகைப் பதிவேட்டில் எண்ணைக் கூப்பிடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடு. ஒன்பதாம் எண் எவனுக்கு வந்தாலும் வகுப்பு சிரிக்கிறது. பெயரைக் கூப்பிடு.

ஆசிரியர் அறையிலும் இதே சிரிப்புதான். அதனால்தான் பிள்ளைகள் அங்கே வந்து முறையிடுவதில்லை. சென்னையின் சகோதரன் அமைப்பும் யுனெஸ்கோவும் தமிழ்நாட்டில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மை இளைஞர்களிடம் அவர்களுடைய பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டார்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடியும் உதையும் வாங்கியவர்கள் 60 சதவீதம். படிப்பை விட்டதற்குக் கொடுமையும் ஒரு காரணம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு. பள்ளியில் புகார் சொன்னவர்கள் வெறும் 18 சதவீதம். சொன்னவர்களில் பலருக்கும் கிடைத்த பதில், நீ உன் நடையை மாற்றிக்கொள் என்பது. ஃபரிதாபாத்தில் 2022 பிப்ரவரியில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேலி தாங்காமல் உயிரை விட்டானே, அவனுடைய அம்மா அதே பள்ளியில் ஆசிரியை. அவர் போய்ப் பள்ளியில் முறையிட்டும் இருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தலைமையாசிரியர் கேட்பார். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவைக் காட்டு. ஒருவரையொருவர் விரும்பி, மதுரையிலிருந்து தப்பி வந்த இரண்டு பெண்கள் காவல்துறையிடமிருந்து பாதுகாப்புக் கேட்ட வழக்கு அது. எனக்கு இதைப் பற்றிச் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் எழுதினார். பள்ளிகளுக்கென்று அதில் தனியாகச் சொல்லியிருக்கிறது: பால் வேறுபாடற்ற கழிப்பறை, விண்ணப்பங்களில் ஆண், பெண் தவிர மூன்றாவது கட்டம், சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்ற வழி, இந்தப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோரிடம் பேசுவது. அதே வருஷக் கடைசியில் என்சிஇஆர்டி திருநர் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களுக்காக ஒரு கையேட்டை இணையத்தில் போட்டது. தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் ஆட்சேபித்ததும் சில நாளிலேயே எடுத்துவிட்டது. ஆகவே மேலிருந்து சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருந்தால் உன் பையன் பள்ளியை விட்டே போய்விடுவான்.

கழிப்பறைக்குச் சுற்றறிக்கை வேண்டியதில்லை. பையன்கள் வரிசையாக நிற்கிற, கதவில்லாத அந்த இடத்துக்குப் போகப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இடைவேளை முடிந்து மணி அடித்தபிறகு "சார், ஒன் பாத்ரூம்" என்று எழுந்திருப்பவனைச் சோம்பேறி என்று நினைக்காதே. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்று கட்டிய கழிப்பறை பல பள்ளிகளில் பூட்டியேதான் கிடக்கிறது. உள்ளே பழைய பெஞ்சும் விளக்குமாறும் இருக்கும். அதைக் காலி செய்து, யார் வேண்டுமானாலும் போகலாம் என்று திறந்து வைக்கச் சொல். வாசலில் புதுப் பலகை எதுவும் மாட்டாதே. பலகை மாட்டினால் உள்ளே போகிறவனைப் பத்துப் பேர் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இனி வீட்டைப் பற்றி. உன் கடிதத்தில் என்னை மிகவும் பதறவைத்த வரி, "அவன் அப்பாவைக் கூப்பிட்டுப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாமா?" என்பது. சொல்லாதே. அவனே கேட்காதவரை ஒரு வார்த்தைகூட வேண்டாம். பெற்றோரைக் கூட்டி வைத்துப் பொதுவாகப் பேசு, ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் வாயிலிருந்து வரக்கூடாது. நம் மாவட்டத்தில் வீட்டுக்குத் தெரிந்தால் பையனுக்கு அடி, பெண்ணுக்குக் கல்யாணம். 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைப்பகுதியில், பெங்களூரில் வைத்துத் தாலி கட்டப்பட்ட பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கதறக் கதறத் தோளில் தூக்கிப் போகப்பட்டதைக் காணொளியில் நீயும் பார்த்திருப்பாய். அவள் விஷயம் வேறு. ஆனால் பெண் பிள்ளை கொஞ்சம் மாறி நடந்தால் இங்கே முதலில் கையில் எடுக்கிற வைத்தியம் அந்தத் தாலிதான், மாநில எல்லையோ பக்கத்திலேயே இருக்கிறது. எப்போதும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு, ஒருத்திக்கு இன்னொருத்தி கடிதம் எழுதுகிற இரண்டு பெண்களைப் பார்த்தால் அந்தக் கடிதத்தைப் பிடுங்கி ஆசிரியர் அறையில் வாசிக்க ஆள் வருவார்கள். வாங்கி, மடித்து, அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடு. நளினமான பையன் எல்லோர் கண்ணிலும் படுகிறான். இந்தப் பெண்கள் யார் கண்ணிலும் படுவதில்லை, உன் நாடகத்திலும் இல்லை.

ரகசியம் காப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. யாரோ தொட்டார்கள், மிரட்டினார்கள் என்று பிள்ளை சொன்னால் அது உன்னோடு நிற்கக்கூடாது. போக்சோ சட்டப்படி நீ புகார் சொல்லியே ஆகவேண்டும். 1098 இருக்கிறது, காவல்நிலையம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் பர்கூர்ப் பக்கம் தனியார் பள்ளியில் போலி என்சிசி முகாம் நடந்ததே, அங்கே நடந்த பாலியல் கொடுமையைப் பற்றிப் பிள்ளைகள் சொன்னதை மூடி மறைத்ததாகப் பள்ளி முதல்வரும் கைதானார். நளினமான பையன்களை மூலையில் மடக்குகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். 'நீதானே அப்படிப்பட்டவன்' என்று அவன் வாயையும் சேர்த்து அடைப்பார்கள். யாரை விரும்புகிறான், தன்னை யாராக நினைக்கிறான் என்பது குற்றமல்ல, அதை எங்கேயும் சொல்லவேண்டிய கடமை உனக்கில்லை. அவனுக்கு யார் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லும் கடமை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

பள்ளியின் எமிஸ் இணையப் பதிவில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அவசரம் வேண்டாம். 2019ஆம் வருஷத்துத் திருநர் சட்டத்தில், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ காப்பாளரோதான் திருநர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியும். வகுப்பில் வேறு பெயரால் கூப்பிடச் சொல்லிப் பிள்ளை கேட்டால் அதை மட்டும் செய்.

அவன் ப்ளஸ் டூ முடிக்கட்டும். நமக்கு அதுதான் இப்போது பெரிய காரியம். 2023இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ப்ளஸ் டூ எழுதினார்கள். திருநர் என்று பதிந்து எழுதியது ஒரே ஒரு மாணவி, நாமக்கல் மாவட்டத்து அரசுப் பள்ளியில் படித்தவர், தேர்ச்சியும் பெற்றார். மற்றவர்கள் தங்களை மறைத்துக்கொண்டு எழுதினார்கள் அல்லது அதற்கு முன்பே போய்விட்டார்கள். நம் ஊரிலிருந்து போவது சுலபம். அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம், நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே இவர்களை அரவணைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்கூட இல்லாமல் போய் நிற்கிற பிள்ளைக்கு அந்த நகரத்தில் என்ன வேலை மிச்சமிருக்கிறது என்று உனக்கே தெரியும். திருநங்கை பிரித்திகா யாஷினி பட்டம் வாங்கியிருந்ததால்தான் காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. விண்ணப்பத்தில் அவருக்கான கட்டமே இல்லை. நீதிமன்றம் போனார், 2015 நவம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2017இல் அவர் பொறுப்பேற்ற இடம் நமக்குப் பக்கத்து தர்மபுரி.

நாடகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. வைகாசியில் பாரதக் கூத்து கட்டும்போது இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஆண்தான் திரௌபதி. மீசை மழித்து, சேலை கட்டி வருகிற அந்தக் கலைஞரின் காலில் விழுந்து கும்பிடுகிற அதே ஊர், சேலை கட்டாமல் நளினமாக நடக்கிற பையனைக் கல்லால் அடிக்கிறது. எனக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. கூத்தையே எடுத்துக்கொள். வேஷங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடு. கபடி அணித் தலைவனுக்குத் திரௌபதி வரட்டும், பெண் பிள்ளைக்குத் துச்சாதனன் வரட்டும். உன் பையனுக்கு எது வருகிறதோ வரட்டும், பிடிக்கவில்லை என்றால் அவன் ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்காரட்டும்.

எழுத்துப்படியில் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டு. அம்மா கட்டிப்பிடித்து அழுகிறாள், ஊரே திருந்துகிறது, இதை நம் பிள்ளைகள் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒத்திகையில் அவர்களையே கேள்: உன் பக்கத்தில் ஒருவனைக் கேலி செய்கிறார்கள், நீ அங்கே நிற்கிறாய், அடுத்து என்ன செய்வாய்? அவர்கள் சொல்வதை வைத்து அந்தக் காட்சியை எழுது. தெலுங்கில் சொன்னால் தெலுங்கிலேயே இருக்கட்டும். மதிப்பெண் போட வருகிறவர்களுக்குப் புரியாவிட்டால் போகட்டும்.

அன்புடன்,
அக்கா