பந்தயத் தளத்தில் நம் வீட்டுக் கார்

தில்லியிலும் நொய்டாவிலும் வசிக்கும் நம்மவர் வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய வழக்கு நடக்கிறது. நன்றாகப் படித்து நல்ல வேலையில் அமர்ந்த பிள்ளை, சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து வேகமான கார் ஒன்றை வாங்கிவிடுகிறான். பிறகு ஒரு நாள், "ஞாயிற்றுக்கிழமை கிரேட்டர் நொய்டா டிராக்கில் ஓட்டப் போகிறேன்" என்கிறான். (பெண்களும் போகிறார்கள், எழுத்து வசதிக்காகப் பிள்ளை என்கிறேன்.) "ரேஸா? வேண்டவே வேண்டாம்" என்கிறார் தாய். கார் என்ன கதி ஆகும் என்று தந்தை கவலைப்படுகிறார். இருவர் கவலையிலும் நியாயம் உண்டு. அதே கார்தான் திங்கட்கிழமை காலையில் பேரக் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இந்தக் கட்டுரையின் விஷயமே அதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். 'டிராக் டே' என்பது பந்தயம் அன்று. பரிசு கிடையாது, யார் முதல், யார் கடைசி என்ற கணக்கும் கிடையாது. ஒரு கார் மன்றமோ பயிற்சிப் பள்ளியோ பந்தயத் தளத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கும். கட்டணம் செலுத்தியவர்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். காலையில் வண்டியைப் பரிசோதிப்பார்கள். கொடிகளின் பொருளைச் சொல்லிக் கொடுப்பார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. பிறகு அனுபவத்துக்கு ஏற்பக் குழுக்களாகப் பிரித்து, பதினைந்து இருபது நிமிடங்களுக்கு ஒரு குழுவாக அனுப்புவார்கள். முந்துவது பெரும்பாலும் நேர்ப்பாதையில் மட்டும்தான். அதுவும் முன்னால் போகிறவர் கையால் சைகை காட்டிய பிறகுதான்.

நம் பெரியவர்களுக்குச் சோழவரம் நினைவிருக்கும். யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த அந்தப் பந்தயங்களைப் பார்க்கச் சென்னையே திரண்டு போகும். 1990 இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளத்தில் நிரந்தரத் தளம் அமைந்தது. கோயம்புத்தூரை அடுத்து கரி மோட்டார் ஸ்பீட்வே 2003 இல் வந்தது. இங்கே நமக்கு அருகில் இருப்பது புத் சர்வதேசப் பந்தயத் தளம். 2011 இல் திறக்கப்பட்ட இதன் நீளம் 5.125 கி.மீ.; வளைவுகள் 16. 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் இங்கு நடந்தது. மூன்று முறையும் வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். முதல் பந்தயத்தில் நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனும் ஓட்டிப் பதினேழாவதாக முடித்தார்.

இந்தத் தளத்தின் மதிலை ஒட்டினாற்போலவே யமுனா விரைவுச் சாலை போகிறது. 165 கி.மீ. நீளமுள்ள அந்தச் சாலையில் கார்களுக்கு வேக வரம்பு மணிக்கு 100 கி.மீ.; பனிமூட்ட மாதங்களில் அதற்கும் குறைவு. ஆயினும் இரவு நேரத்தில் அங்கே காரை 'ஒரு பிடி பிடித்துப் பார்க்கும்' இளைஞர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மாநில அரசின் எழுத்து மூலமான அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் நடத்துவதும் வேகப் பரிசோதனை செய்வதும் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189 ஆவது பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், அந்தச் சாலையில் எதிர்பாராமல் மாடு குறுக்கே வரும், விளக்கில்லாத டிராக்டர் நிற்கும். பந்தயத் தளத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், ஓரத்தில் மண்ணும் தடுப்பும் இருக்கின்றன, ஆம்புலன்ஸ் நிற்கிறது. ஆகவே பிள்ளை வேகமாக ஓட்டியே தீருவான் என்றால் அவன் போக வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. தடுக்காதீர்கள், தயார் செய்து அனுப்புங்கள்.

வேகம் எங்கே போகிறது?

தயார் செய்வது என்றால் பலரும் என்ஜினைத்தான் நினைக்கிறார்கள். தளத்தில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் பிரேக். ஏன் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. 1,400 கிலோ எடையுள்ள கார் நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 180 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் 17.5 லட்சம் ஜூல். வளைவுக்காக 72 கி.மீ. வேகத்துக்குக் குறைத்தால் மிஞ்சுவது 2.8 லட்சம்தான். மீதி 14.7 லட்சம் ஜூல் முழுவதும், காற்றுத் தடையில் போகும் சிறு பங்கு நீங்கலாக, பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. சமையலறைக் கணக்கில் சொன்னால், ஐந்து லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. அடுப்பில் கால் மணி நேரம் ஆகும் வேலையை, பலமாகப் பிரேக் பிடிக்கும் கார் நான்கே விநாடியில் செய்துவிடுகிறது. நகரச் சாலையில் 72 கி.மீ. வேகத்திலிருந்து சிக்னலில் முழுக்க நின்றால் உண்டாகும் வெப்பம் இதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

முன்சக்கரங்களோடு சுழலும் இரண்டு இரும்பு டிஸ்குகளும்தாம் இந்த வெப்பத்தில் ஏறத்தாழ எழுபது சதவீதத்தை ஏற்கின்றன. ஒரு டிஸ்க் 8 கிலோ என்று கொண்டால், ஒரே ஒரு முறை பிரேக் பிடித்ததில் அதன் வெப்பம் 140 டிகிரி உயரும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சாதாரணக் கார் ஒரு சுற்றை முடிக்க எடுக்கும் இரண்டரை நிமிடத்தில் ஐந்தாறு இடங்களில் இப்படிப் பலமாகப் பிடிக்க வேண்டியிருக்கும். நகரத்துக்கென்று செய்த பிரேக் மூன்றாவது நான்காவது சுற்றில் முணுமுணுக்கத் தொடங்குவதில் வியப்பில்லை.

அது கைவிடும் விதம் இரண்டு. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்திருப்பது உயிரைக் காக்கும்.

முதல் வகையில் டிஸ்கைக் கவ்வும் பேட் சூடேறி உராய்வை இழக்கிறது. மிதி கல்லைப் போல உறுதியாக இருக்கும். ஓங்கி மிதித்தாலும் கார் நிற்க மறுக்கும், கருகிய நாற்றமும் வரும். இது படிப்படியாக வருவதால் எச்சரிக்கை கிடைக்கிறது. வேகத்தைக் குறைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

இரண்டாவது வகை பொல்லாதது. மிதி பஞ்சுபோல் மெத்தென்று ஆகி, தரைவரை அமுங்கிப் போகும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று பொருள். நம் காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது இந்தத் திரவம். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் பிரேக் வேலை செய்கிறது. கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் நாம் மிதிக்கும் மிதியெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும்.

மேலும் ஒரு சங்கதி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 இன்னும் குறைவு: புதிதில் 205, ஈரம் ஏறியபின் 140. டாட் 5.1 புதிதில் 260. (டாட் 5 என்று எழுதிய டப்பாவை வாங்கிவிடாதீர்கள், அது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு சேராது.) மூன்று நான்கு வருடமாக ஆயிலே மாற்றாத கார் தில்லிப் போக்குவரத்தில் குறையில்லாமல் ஓடும், ஏனென்றால் அங்கே அவ்வளவு வெப்பம் எழுவதில்லை. அதே காரைத் தளத்துக்குக் கொண்டுபோவது வெடிவைத்துப் பார்ப்பதற்குச் சமம். லட்சக்கணக்கில் செலவழித்து அலாய் வீலும் சைலன்ஸரும் மாற்றும் பிள்ளைகள் சில நூறு ரூபாய் ஆயிலை மறந்துவிடுகிறார்கள். போவதற்கு முந்தைய வாரம் பழைய ஆயிலை முழுக்க வடித்துப் புதிதாக நிரப்பி, காற்றும் எடுத்துவிட வேண்டும். பேட்டில் பாதிக்கு மேல் கனம் இருக்க வேண்டும்.

அப்படியும் மிதி அமுங்கினால் பதறாமல் மிதியை விரைவாக இரண்டு மூன்று முறை அடித்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் அழுத்தம் திரும்பக்கூடும். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து என்ஜினாலும் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். வளைவில் திரும்ப முடியாது என்று தோன்றினால் வலிந்து திருப்பாமல் நேராக ஓரத்து வெளியில் இறங்கிவிடுவதே மேல்.

டயரும் எண்ணெயும்

டயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுமிடம் நம் உள்ளங்கை அகலந்தான். அந்தப் பிடிமானத்தைப் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பங்கிட வேண்டும். எனவே கற்றுக்கொள்பவர் நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடித்துவிட்டு அப்புறம் திருப்ப வேண்டும். வளைவில் வேகம் பத்து சதவீதம் கூடினால் தேவைப்படும் பிடிமானம் இருபத்தொரு சதவீதம் கூடுகிறது; "போன சுற்றைவிடக் கொஞ்சம்தானே" என்பது ஏமாற்றுக் கணக்கு. கார் சறுக்குவதைத் தடுக்கும் மின்னணுச் சாதனங்களை முதல் நாளில் அணைக்கவே கூடாது, நண்பர்கள் என்ன கேலி செய்தாலும் சரி.

காலையில் 32 என்று வைத்த காற்றழுத்தம் டயர் சூடானதும் 40ஐத் தொடும். அதனால் ஓட்டம் முடிந்து வந்ததும் அளந்து சற்று இறக்குவார்கள். இறக்கியதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். காரணம் கடைசியில் வருகிறது.

நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது என்ஜின் எண்ணெயும் ஒரு பக்கமாக ஒதுங்கும். பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமானால் எண்ணெயின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். எண்ணெய் குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். அளவுகோலில் மேல் கோடுவரை இருக்கட்டும். அதைத் தாண்டவும் வேண்டாம்.

வண்டிக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. பிரேக் மிதிக்கு அடியில் உருண்டுபோன தண்ணீர் பாட்டில் எந்தக் கோளாறையும்விட மோசமானது. காலுக்கடியில் போடும் மேட்டையும் எடுத்துவிடுங்கள். டேஷ்போர்டுப் பிள்ளையாரையும் அன்றைக்கு மட்டும் வீட்டுப் பூஜை அறையில் எழுந்தருளச் செய்யலாம். ஹெல்மெட்டில் ஸ்நெல் அமைப்பின் 'எஸ்.ஏ.' முத்திரை உள்ளது கார் பந்தயத்துக்கானது, தீயைத் தாங்கும் சோதனைக்கு உட்பட்டது. 'எம்' முத்திரை மோட்டார் சைக்கிளுக்கு. எதை ஏற்பார்கள் என்று அமைப்பாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மனைவி மக்களை வேடிக்கை பார்க்க அழைத்துப் போங்கள். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் தவிர யாரும் வேண்டாம்.

தந்தையர் கேட்கும் இன்னொரு கேள்வி இன்ஷூரன்ஸ். நம் நாட்டுக் கார் பாலிசிகளில் 'உபயோக வரம்பு' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகப் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பாலிசி பொருந்தாது என்று அதில் இருக்கும். டிராக் டே பந்தயம் அல்லவே என்று வாதாடலாம். நஷ்ட ஈடு கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. தடுப்பில் இடித்தால் செலவு முழுவதும் நம்முடையது என்ற எண்ணத்தோடுதான் நுழைவாயிலைக் கடக்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாத கார் என்றால், தளத்தில் வாடகைக்கு விடும் பயிற்சிக் காரில் கற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வீடு திரும்பும் வழி

பந்தயக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நம் பிள்ளை அதே காரை ஓட்டிக்கொண்டு வீடு வர வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் பிரேக்கைத் தொடாமல் நிதானமாக ஓட்டினால் காற்றுப்பட்டு டிஸ்குகள் ஆறும். நின்ற பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுக்கக் கூடாது. கொதிக்கும் டிஸ்கோடு பேட் ஒட்டிப் பதிந்துவிடும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்தால் போதும்.

மாலையில் டயர்கள் குளிர்ந்ததும் அழுத்தம் இறங்கும். சூட்டில் 34ஆக இறக்கி வைத்தது ஆறியபின் 27க்கு வந்துவிடும். கிளம்புமுன் மீண்டும் நிரப்ப வேண்டும். சக்கர நட்டுகளையும் ஒரு முறை முறுக்கிப் பார்க்க வேண்டும்.

பகலில் எப்போதாவது மிதி மெத்தென்று அமுங்கியிருந்தால், மாலையில் அது பழையபடி உறுதியாகத் தோன்றும். ஆவி குளிர்ந்து மறுபடியும் திரவமாகிவிட்டது, அவ்வளவுதான். அந்த ஆயில் இனி ஆகாது. முடிந்தால் அங்கேயே காற்றெடுத்து ஆயிலை மாற்றிவிட வேண்டும். முடியாவிட்டால் இடைவெளி விட்டு மெதுவாக ஓட்டி வந்து, மறுநாள் காலை பள்ளிக்கு ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டு, காரை நேரே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.