படத்தில் சிவக்கும் கண்

பிறந்தநாள், பொங்கல் விழா, பள்ளி ஆண்டுவிழா ஆகியவற்றைப் பெரும்பாலும் மாலை மயங்கிய பின்னரே கொண்டாடுகிறோம். பெற்றோர் பணி முடிந்து வீடு திரும்பும் நேரம் அதுவே. கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அவ்வேளையில் பிளாஷ் விளக்கொளியில் எடுத்த படத்தை ஊரிலுள்ள பாட்டிக்கு அனுப்பினால், "பிள்ளைக்குக் கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது? கண்வலியா?" என்று உடனே கேட்பார்.

பாட்டியின் ஐயம் இயல்பானதே. ஆயினும் படத்தில் சிவப்பது வேறு, கண்வலியில் சிவப்பது வேறு. தமிழ்நாட்டில் 'மெட்ராஸ் ஐ' என்றும், நம் மலையாள நண்பர்கள் 'செங்கண்ணு' என்றும் கூறும் நோயில் விழியின் வெண்பகுதி சிவக்கும். படத்திலோ வெண்பகுதி வெண்மையாகவே இருக்கும். நடுவிலுள்ள கருவட்டம் மட்டும் தீப்பொறிபோல் சிவந்திருக்கும்.

அக்கருவட்டத்திற்குக் கண்பாவை என்று பெயர். பாவை என்றால் பொம்மை. எதிரில் நிற்பவரின் கண்ணை உற்று நோக்கினால், அதில் நம் உருவம் சிறு பொம்மையாகத் தெரியும்; அதனால் வந்த பெயர் இது. இலத்தீன் மொழியிலும் இதற்குச் சிறு பொம்மை என்னும் பொருளுடைய சொல்லே வழங்கியது. தொலைவிலிருந்த இரு மக்கள் ஒன்றையே கண்டு ஒன்றுபோலவே பெயரிட்டிருப்பது வியப்பன்றோ!

கண்பாவை கறுப்பாகத் தோன்றினும், அது கறுப்புப் பொருளன்று. ஒளி உள்ளே நுழையும் வாயில். வெயிலில் அதன் விட்டம் 2 மில்லிமீட்டர் அளவிற்குச் சுருங்கும். இருளில் 8 மில்லிமீட்டர் வரையிலும் விரியும். விட்டம் நான்கு மடங்கானால் பரப்பு பதினாறு மடங்காகும் என்பதைக் கணக்குப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மங்கிய அறையில் நம் கண் அத்துணை அகலமாகத் திறந்திருக்கிறது. அந்நேரத்தில் பிளாஷ் விளக்கு பளிச்சிடுகிறது. அவ்வொளி ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் மறைந்துவிடும். கண்பாவை சுருங்கத் தொடங்குவதற்கே ஐந்தில் ஒரு பங்கு நொடி வேண்டும். கதவைச் சாத்துவதற்குள் விருந்தினர் உள்ளே வந்துவிடுகிறார்!

உள்ளே சென்ற ஒளி விழித்திரையைக் கடந்து, அதன் பின்னாலுள்ள குருதிநாளங்கள் நிறைந்த படலத்தில் படுகிறது. குருதி நீலத்தையும் பச்சையையும் உறிஞ்சிக்கொண்டு சிவப்பை மட்டும் மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. அவ்வொளி தான் வந்த வழியே திரும்பிச் செல்லும். வழியில் கேமராவின் லென்ஸ் இருந்தால் அதில் பதியும். ஆகவே நாம் காணும் சிவப்பு, நம் கண்ணின் உட்புறத்தின் உண்மை நிறமேயாகும். இரவில் சாலையோரப் பூனையின் கண் பச்சையாக ஒளிர்வதற்குக் காரணம் வேறு. அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்றதோர் அடுக்கு உண்டு. மனிதர்க்கு அஃது இல்லை.

காரணம் தெரிந்தால் தடுக்கும் வழியும் தெரியும். பிளாஷ் விளக்கு லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதே குறை. ஸ்டூடியோக்களில் குடைவிளக்குகளைப் பக்கவாட்டில் தள்ளி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அங்கு எடுத்த படங்களில் கண் சிவப்பதில்லை. கைபேசியில் விளக்கை நகர்த்த இயலாது. ஆதலால் அறையின் எல்லா விளக்குகளையும் ஏற்றுங்கள். படம் எடுக்கப்படுபவரைச் சற்று நேரம் ஒளியை நோக்கச் சொல்லுங்கள், கண்பாவை சுருங்கும். சில கேமராக்கள் படமெடுக்குமுன் ஒருமுறை மின்னுவதும் இதற்காகவே. தொலைவில் நின்று எடுத்தால் சிவப்பு மிகும், அருகில் செல்லுங்கள். ஒரே படத்தில் பேரனின் கண் சிவந்தும் தாத்தாவின் கண் சிவக்காமலும் இருப்பதுண்டு. முதுமையில் கண்பாவை அவ்வளவாக விரிவதில்லை.

சிவந்த கண்ணைக் கறுப்பாக்கும் வசதி இப்பொழுது கைபேசியிலேயே உள்ளது. அதனைப் பயன்படுத்துமுன் மூலப்படத்தை ஒருமுறை உற்று நோக்குவது நன்று. ஏனெனில், இச்சிவப்பு மருத்துவர்க்குப் பயன்படும் குறியாகும். 1851ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கிய கண்ணோக்கிக் கருவி, கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தித் திரும்பும் ஒளியைக் காண்பதே. இரு கண்களும் ஒன்றுபோல் சிவந்திருப்பது, ஒளி தடையின்றிச் சென்று மீள்வதைக் காட்டுகிறது.

உங்கள் தம்பி தங்கையரின் படங்களில் ஒரு கண் சிவந்தும் மற்றொரு கண் வெண்மையாகவும் தெரிந்தால் அதனைப் பெற்றோரிடம் காட்டுங்கள். குழந்தை பக்கவாட்டில் நோக்கியதாலும் அவ்வாறு தோன்றலாம். எனவே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கண்புரையாலும், விழித்திரையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயாலும் வெண்மை தோன்றுவதுண்டு. அப்புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே வரும். வலி இல்லாமையால் குழந்தை ஒன்றும் சொல்லாது. வீட்டில் எடுத்த படமே முதலில் காட்டிக்கொடுத்த நிகழ்வுகள் உண்டு. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் உயிரைக் காக்கலாம். பல குழந்தைகளுக்குப் பார்வையையும் காக்கலாம். 'அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று காத்திருத்தல் கூடாது. திருவனந்தபுரத்திலேயே அரசு கண் மருத்துவமனை உண்டு. ஊரில் இருப்போர்க்கு 1819இல் தொடங்கப்பெற்ற சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும், 1976இல் தொடங்கப்பெற்ற மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: செங்கண், கருவிழி, வெண்புள்ளி. (சான்று: செந்தமிழ் = செம்மை + தமிழ்)

2. 'மெட்ராஸ் ஐ' நோயில் சிவக்கும் பகுதி எது? படத்தில் சிவக்கும் பகுதி எது?

3. 'கண்பாவை' என்னும் பெயர் வந்த காரணத்தை உங்கள் சொற்களில் எழுதுக. மலையாளத்தில் இதனை எவ்வாறு அழைப்பர் என்று நண்பரிடம் கேட்டு எழுதுக.

4. படத்தைப் பார்த்துக் கண்வலியோ என்று கவலையுறும் பாட்டிக்கு, உண்மைக் காரணத்தை விளக்கிப் பத்து வரிகளில் தமிழில் மடல் எழுதுக.