இடிபாட்டின் கணக்கு

கட்டுதல் அரிது, இடித்தல் எளிது என்பர். கணிப்பொறி விளையாட்டில் இக்கூற்றுப் பொருந்தாது. ஆங்குச் சுவர் என்பது வெறும் உருவமே. அதற்கு எடையும் இல்லை, உறுதியும் இல்லை. அது மெய்ச்சுவர்போல் இடிய வேண்டுமாயின், இடியும் முறையையும் கணக்கிட்டு அமைத்தல் வேண்டும்.

முன்னாளைய விளையாட்டுகள் பலவற்றில், முழுச்சுவர் ஒன்று, இடிந்த சுவர் ஒன்று என இரண்டு உருவங்களை ஓவியர் முன்னரே ஆக்கிவைத்தனர். எங்கு அடிப்பினும் அச்சுவர் ஒரே வகையாகவே இடிந்தது. இக்குறையை நீக்க, அடி விழும் அப்பொழுதே பிளவுகளைக் கணக்கிடும் முறை தோன்றியது.

இதற்குக் கணித அறிஞர் வோரோனோய் (1868-1908) பெயரால் வழங்கும் பகுப்பு பெரிதும் உதவுகிறது. சுவரினுள் புள்ளிகள் பல தூவப்படும். சுவரின் ஒவ்வோர் இடமும் தனக்கு மிக அணித்தாயுள்ள புள்ளிக்கு உரியதாகும். அவ்வாறு பிரிந்த பகுதிகளின் எல்லைகளே வெடிப்புகள். அடி விழுந்த இடத்தில் புள்ளிகளை நெருக்கமாகத் தூவினால், அங்குச் சிறு சில்லுகளும் அப்பால் பெருந்துண்டுகளும் உண்டாகும்.

உடைந்தபின் எது நிற்கும், எது விழும் என்பது அடுத்த வினா. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரெட் ஃபேக்ஷன்: கெரில்லா’ என்னும் அமெரிக்க விளையாட்டில், ஒவ்வொரு பகுதியும் தன்மேலுள்ள சுமையைத் தாங்குமா என்பதும் கணக்கிடப்பட்டது. அதனை உருவாக்குங்காலத்தில் வியப்பொன்று நிகழ்ந்தது. தோற்றத்தை மட்டும் கருதி அமைத்த கட்டடங்கள், எவரும் தொடாமலே தம் எடையால் சரிந்தன! ஆகவே, தூணும் உத்தரமும் சுமை தாங்கும் முறையை உணர்ந்து, அவற்றை மீண்டும் அமைக்க நேர்ந்தது.

அழிவைக் காட்டப் புகுந்தோர்க்கு ஆக்கத்தின் இலக்கணமே முதற்பாடமாயிற்று.