சமையலறைக்குப் பூட்டுப் போடாதீர்கள்

ஏற்காட்டு ஹாஸ்டலில் படிக்கும் மகள் லீவுக்குச் சேலம் வருகிறாள். ராத்திரி வீடு அடங்கியதும் விளக்குகூடப் போடாமல், நின்றபடியே பிஸ்கட், முறுக்கு, மீந்த சோறு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தின்று தீர்க்கிறாள். காலையில் மெத்தைக்கடியில் காலி கவர்கள். “வாயைக் கட்டத் தெரியலை” என்று திட்டும் அம்மாக்களுக்கே இதை எழுதுகிறேன்.

கல்யாண வீட்டில் ஒரு பிடி பிடிப்பது நோயாகாது. பசியில்லாமல், அவசர அவசரமாக, வயிறு வலிக்கும்வரை, நிறுத்த நினைத்தும் முடியாமல் ஒளிந்து சாப்பிட்டு, பிறகு தன்னையே வெறுப்பது வேறு. வாரம் ஒருமுறையாவது இப்படி மூன்று மாதம் நீடித்தால் அது மிகையுண்ணும் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-லேயே இதைப் பற்றி எழுதினார். அந்நாட்டு மனநல மருத்துவக் கையேடு தனி நோயாக ஏற்றது 2013-ல்தான்.

பரம்பரை, மனச்சோர்வு, “குண்டு” என்ற கேலி, எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் நான் முதலில் கேட்பது, “காலையில் என்ன சாப்பிட்டாள்?” என்றுதான். “டயட்டாம், வெறும் டீ” என்று பதில் வந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். 1944-45-ல் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், நல்ல திடகாத்திரமான 36 இளைஞர்கள் விரும்பிச் சேர்ந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். தடை நீங்கியதும் சிலர் வயிறு முட்டிய பிறகும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் கணக்குத் தீர்க்கும்.

அதனால் மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, நேரம் தவறாமல் கொடுங்கள். ராத்திரி நிறையத் தின்றாள் என்று மறுநாள் இட்லியைக் குறைத்தால் அன்றிரவும் அதே கதைதான். எடை மெஷினை எடுத்து ஒளித்துவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குப் பார்க்கப் போகும்போது ஏற்காடு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தருவீர்கள். தந்துவிட்டு அவள் இடுப்பைப் பார்க்காதீர்கள். அவளும் அதைக் கவனிப்பாள்.

இதற்கு எண்ணங்களையும் பழக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்யும் பேச்சு சிகிச்சை நன்றாக வேலை செய்யும். சேலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் போன் செய்யுங்கள்; அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய் வாந்தியெடுக்கிறாள், பேதி மாத்திரை போடுகிறாள் என்று தெரிந்தால் மட்டும் லீவு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை எடுங்கள்.