கொழும்புக்கு எட்டாத கொம்பியூட்டர்

கேள்வி: கல்முனை முதல் பொத்துவில் வரை எங்கள் கிளைகளின் கொம்பியூட்டர்களைக் கொழும்பிலிருந்தே கண்காணித்துத் திருத்துகிறார்கள். இனி இங்கே டெக்னீசியன் எதற்கு? (வாசகர், சாய்ந்தமருது)

பதில்: கட்டாயம் வேண்டும், சகோதரரே. கொழும்பிலிருப்பவரின் கை உங்கள் திரைக்கு எட்ட, முதலில் விண்டோஸ் எழும்ப வேண்டும். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கொம்பியூட்டர்கள் நீலத்திரையோடு நின்றன. பல இடங்களில் ஆள் நேரே போய், சேஃப் மோடில் திறந்து, ஒரு கோப்பை அழித்த பிறகுதான் உயிர் வந்தது. வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியையும் தட்ட வேண்டும். 'எப்போதாவது நடப்பதற்கு மாதச் சம்பளமா?' என்பார் உங்கள் கணக்காளர். நியாயம்தான். ஆகவே கிளைக்கொருவர் வேண்டாம், கல்முனையில் ஒருவர் போதும். மற்றக் கிளை ஒவ்வொன்றிலும் ஊழியர் ஒருவரை இந்த வேலைக்குப் பழக்கிவிடுங்கள். சாவிகளை அச்சிட்டு அலுமாரியில் பூட்டுங்கள், கொம்பியூட்டருக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள்!