முகவரிப் பஞ்சமும் புதிய நெறிமுறையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தார்க்குப் பற்றாக்குறை என்பது நூலில் படித்தறிய வேண்டிய செய்தியன்று. ஒரே குழாயடியைத் தெருவார் அனைவரும் முறைவைத்துப் பகிரும் வழக்கம் நாம் அறிந்ததே. இணைய உலகிலும் அத்தகைய பஞ்சம் ஒன்றுண்டு. அது முகவரிப் பஞ்சம். அதனைப் போக்க வந்த புதிய நெறிமுறையை நம் கல்லூரி போன்ற நிறுவனங்கள் ஏற்கலாமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணையத்தில் சேரும் கருவிக்கு எண்ணாலாகிய முகவரி வேண்டும். 1981இல் வரையறுக்கப்பெற்ற ஐ.பி.வி.4 என்னும் நான்காம் பதிப்பு 32 பிட் அளவுடையது. அதில் அடங்குவன ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே. வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்க உலகப் பொதுத் தொகுப்பில் இருந்தவை 2011 பிப்ரவரி 3ஆம் நாள் தீர்ந்தன. 1995இல் வரையறை பெற்று 1998இல் திருத்தமுற்ற ஐ.பி.வி.6 என்னும் ஆறாம் பதிப்போ 128 பிட் அளவுடையது; அதன் முகவரித் தொகையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும்.

‘மாற்றம் வேண்டா’ என்பார் கூற்றிலும் பொருளுண்டு. ஒரு பொது முகவரியின் பின்னே நூற்றுக்கணக்கான கணினிகளை இயக்கும் முறை இன்றும் நடைமுறையில் உள்ளது. இரு பதிப்புகளும் ஒன்றோடொன்று நேரே உரையாட இயலாதவை. பழைய கருவிகளை மாற்றவும் பணியாளரைப் பயிற்றவும் பொருள் வேண்டும். சிறுநகரக் கல்லூரிக்கு அது சுமையே.

ஆயினும் பகிர்வுக்கும் விலையுண்டு. ஒருவர் செய்த தீச்செயலால் அப்பொது முகவரி ஓரிடத்தில் தடுக்கப்படின், அதே முகவரியிலிருந்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவியும் தடுக்கப்படுவாள். பிழை ஒருவருடையது, இழப்பு மற்றொருவருடையது.

இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010இலேயே புதிய பதிப்பிற்கான தேசிய வழித்திட்டத்தை வெளியிட்டது. 2016இல் தொடங்கப்பெற்ற ஜியோ அலைபேசிச் சேவை அதனைப் பெருமளவில் பரப்பியது. இன்று இப்பதிப்பின் பயன்பாட்டில் இந்தியா முன்னணி நாடுகளுள் ஒன்று. மாணவர் கைப்பேசிகள் பலவற்றில் புதிய முகவரி முன்னரே புகுந்துவிட்டது. கற்பிக்கும் நிறுவனம் பின்தங்கலாமா?

ஒரே நாளில் மாறவேண்டுவதில்லை. இரு பதிப்புகளையும் ஒருங்கே இயக்கும் இரட்டை முறை உண்டு. இனி வாங்கும் ரூட்டர் இரண்டையும் அறிந்ததாக இருத்தல் வேண்டும். கல்லூரியின் இணையதளம் இரு முகவரியும் பெறவேண்டும். காவல் விதிகளையும் இரண்டிற்கும் வகுத்தல் இன்றியமையாதது. பழைய வாயிலைப் பூட்டிப் புதிய வாயிலைத் திறந்துவைத்தல் பேதைமை.

பழைய கிணற்றைத் தூர்க்காமலே புதிய கிணறு வெட்டுவது இம்மண்ணின் மக்கள் கண்ட வழி. அவ்வழியே இங்கும் ஏற்புடைத்து என்பது எம் துணிபு.